மான்ஸ்டர் சமூகத்துக்குத் தமிழில் என்ன பெயர்: புறக்குடியா, பூதகணமா?

சித்தூர் (பாலக்காடு) உறுப்பினர்:

குழுவினருக்கு வணக்கம். ஆடுவோர் வீரர்களாக வேடமேற்றுப் பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதையாட்டத்தின் விதிநூலுக்குத் தமிழ்ச்சொல் பட்டியல் தொகுக்கிறோம்; அதில் வீரர்கள் எதிர்கொள்ளும் மான்ஸ்டர்கள் கூடிவாழும் சமூகத்துக்கு ஒரு சொல் வேண்டும்.

தென்காசி அண்ணாச்சி 'புறக்குடி' என்ற சொல்லை முன்வைத்திருக்கிறார். ஓசை நன்றாக இருக்கிறது, கிளைச்சொற்களும் எளிதில் பிறக்கும். ஆனால் மலைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், அது நிற்காது. இடுக்கியில் முதுவர் என்னும் பழங்குடியினரின் ஊர்களுக்குக் 'குடி' என்றுதான் பெயர். இடமலைக்குடி பஞ்சாயத்தின் பெயரிலேயே இருக்கிறது. அட்டப்பாடியில் இருளர் ஊருக்கு மூப்பன், குறுதலை, பண்டாரி, மண்ணூக்காரன் என்று பொறுப்புகள் உண்டு. ஆர்க் என்னும் முரட்டு மான்ஸ்டர்களின் தலைவனை 'மூப்பன்' என்றும் அவன் கூட்டத்தைப் 'புறக்குடி' என்றும் எழுதினால், பக்கத்து மலையில் வாழும் மனிதரைக் கொன்று புள்ளி சேர்க்கும் ஆட்டமாக அது ஆகிவிடும். மனிதரின் ஊர்ப்பெயரையும் பதவிப்பெயரையும் நம் பட்டியலில் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

'அரக்கர்' என்றால் வாசகர் மனத்தில் உடனே இலங்கையும் மாயப்போரும் வந்துவிடும். குள்ள மான்ஸ்டரான சாதாரண கோப்லினுக்கு அந்தச் சட்டை பெரிது. 'பிசாசு' சரிவராது, அதற்கு உடம்பே இல்லை. குட்டிச்சாத்தான் மந்திரவாதி ஏவினால் வரும், தனக்கென்று வீடுவாசல் கிடையாது.

சமூகம் என்று சொல்ல மூன்று வேண்டும்: வயிறு, குஞ்சுகுளுவான், சச்சரவு தீர்க்க ஒரு முறை. இவை மூன்றுக்கும் இடம்கொடுக்கும் சொல்லாக எனக்குப் படுவது 'பூதகணம்'. கோயில் சிற்பங்களில் பூதகணங்கள் குள்ளமாக, தொந்தியோடு, கொட்டு முழக்கியபடி வரிசையாக நிற்கின்றன. சிலப்பதிகாரத்துச் சதுக்கப் பூதம் பொய்ச்சாட்சி சொல்வோரையும் புறங்கூறுவோரையும் பாசத்தால் பிடித்துப் புடைத்து உண்ணும்; அந்தப் பூதத்துக்குச் சட்டம் உண்டு. புதையலைக் காப்பதும் நம் வழக்கில் பூதம்தான். ஆட்டத்தில் உறைவிடத்தையும் செல்வத்தையும் சேர்த்தே வைப்பார்கள், அதற்கும் இது பொருந்தும்.

சொல் விதிநூலில் வேலை செய்கிறதா என்று ஒரு கணக்கோடு பார்த்துவிடலாம். ஒரு கோப்லின் பூதகணத்தில் போராடக்கூடியவர் 60, மற்றப் பெரியவர் 35, குஞ்சுகள் 55, ஆக 150 தலை என்று வைத்துக்கொள்வோம். சிறிய உடம்பு என்பதால் தலைக்கு நாளொன்றுக்கு 300 கிராம் தானியம் போதும் என்றாலும் 45 கிலோ ஆகிறது. மாதம் 1,350 கிலோ. 75 கிலோ மூட்டையில் 18 மூட்டை, ஆண்டுக்கு 216. நாற்பது வீட்டு ஊரை அடித்து இதை ஒரு வருஷம் பறிக்கலாம். மறுவருஷம் விதைநெல் இருக்காது, பறிக்க ஒன்றும் மிஞ்சாது. ஆட்டம் நடத்துவோர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: குகைக்குள் நூறு கோப்லினை அடைத்துவிட்டு அடுப்பை மறந்துவிடுகிறார்கள். பிழைக்கிற கணம் ஆடு வளர்க்கும், குகையில் காளான் பயிரிடும், அல்லது கணவாயில் உட்கார்ந்து சுங்கம் வாங்கும். பாலக்காட்டுக் கணவாயில் சுங்கச்சாவடி முன் லாரிகள் நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் கொள்ளையைவிடச் சுங்கம் ஏன் நீடிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே 'இரைவெளி' என்றொரு துணைச்சொல்லும் தேவை: கணம் உணவு திரட்டும் நிலப்பரப்பு. இரண்டு கணங்களின் இரைவெளி ஒன்றையொன்று கடக்கும் இடத்தில்தான் சண்டையோ உடன்படிக்கையோ பிறக்கும். வீரர்கள் நுழைவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

தலைவனுக்குக் 'கணத்தலை' என்றே வைக்கலாம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு 1981-இல் வந்த அடிப்படை விதிகளில் கோப்லினின் மனவுறுதி (ஓடாமல் நின்று போராடும் திறனைக் காட்டும் எண்) 7. அரசன் கூடவே உயிரோடு இருந்தால் 9. இரண்டு பகடை உருட்டி அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம். பகடை விழக்கூடிய 36 வகைகளில் 7-ஐத் தாண்டுபவை 15, 9-ஐத் தாண்டுபவை 6. கணத்தலை விழுந்ததும் ஓட்டத்துக்கான வாய்ப்பு இரண்டரை மடங்காகிறது. அதனால் அடுத்த கணத்தலை யார், எப்படித் தேர்வு என்பதைக் குறிப்பில் எழுதியே தீர வேண்டும். எழுதாவிட்டால் ஒரே அம்பில் ஒரு சமூகமே கலைந்துவிடும்.

தென்காசி உறுப்பினர்:

தம்பி சொன்ன காரணம் நியாயமானது, புறக்குடியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. நெருப்பே உருவாக வரும் எலிமென்டலுக்கு ஐம்பூதத்தை ஒட்டித் 'தீப்பூதம்' என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். இரண்டும் பூதமானால் விதிநூலில் குழப்பம் வரும். அப்புறம், டிராகன் தனியாகத்தானே கிடக்கிறது, அதை எந்தக் கணத்தில் சேர்ப்பது?

சித்தூர் உறுப்பினர்:

அண்ணாச்சி, எலிமென்டலுக்குப் பசி கிடையாது, பிள்ளை கிடையாது. வரவழைத்தால் வரும், வேலை முடிந்தால் போகும். நான் சொன்ன மூன்றில் ஒன்றும் அதற்கு இல்லை. ஆகவே தீயுரு, நீருரு, மண்ணுரு, வளியுரு என்று பிரித்துவிடலாம், பூதம் என்ற சொல் முழுக்க இந்தப் பக்கம் வந்துவிடும்.

டிராகன் 'தனிப்பூதம்'. அதை அண்டி வாழும் கோபால்ட் என்னும் சிறு மான்ஸ்டர்களின் கூட்டத்துக்குச் 'சார்கணம்' என்று தனிப்பெயர் வைப்போம். இவற்றின் உணவும் காவலும் டிராகனின் இரைவெளிக்குள்ளேயே அடங்கும். டிராகன் இறந்தால் சார்கணத்துக்கு மனவுறுதிச் சோதனையை உடனே உருட்ட வேண்டும், பாதிப்பேர் விழும்வரை காத்திருக்கக் கூடாது. பட்டியலில் இந்த விதியையும் சொல்லின் கீழேயே சேர்க்கிறேன்.