300 எம்பிபிஎஸ் இணைப்பு, டவுன்லோடு மட்டும் 11.2 எம்பியிலேயே நிற்கிறது: உதவி தேவை

மாடிவீடு:
வணக்கம். வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ரவுட்டர் கீழே ஹாலில், லினக்ஸ் கணினி மாடியில். இடையில் கேபிள் இழுத்திருக்கிறது. உபுண்டு (லினக்ஸ் வகை) நிறுவல் கோப்பை (கிட்டத்தட்ட 6 ஜிபி) டபிள்யூகெட் என்ற டவுன்லோடு கட்டளையில் இறக்கினால் நொடிக்கு 11.2 எம்பி என்று காட்டுகிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு மெகாபிட், எம்பி என்பது மெகாபைட், ஒரு பைட்டுக்கு 8 பிட். அப்படியானால் 300-ஐ 8-ஆல் வகுத்து 37.5 எம்பி வர வேண்டும் அல்லவா? ரவுட்டர் பக்கத்தில் நின்று மொபைல் வைஃபையில் சோதித்தால் 290 எம்பிபிஎஸ் வருகிறது. எங்கே போகிறது மீதி வேகம்?

எட்டுக்கட்டு:
நண்பரே, டபிள்யூகெட் சொல்லும் எம்பி 1024 கணக்கு. அதன் ஒரு எம்பி 10,48,576 பைட். பிளானில் சொல்லும் மெகாபிட் 1000 கணக்கு, அதாவது சரியாகப் பத்து லட்சம் பிட். இந்தக் குழப்பம் தீரத்தான் 1998-இல் ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்பு 1024 கணக்கு எம்பிக்கு மெபிபைட் என்ற தனிப் பெயர் கொடுத்தது. பல மென்பொருள்கள் இன்னும் எம்பி என்றே போடுகின்றன.

மாடிவீடு:
நன்றி. ஆனால் அப்படிப் பார்த்தாலும் 37.5 என்பது 35.8 ஆகும், அவ்வளவுதான். 11.2 எப்படி?

கேபிள்காரர்:
11.2-ஐத் திருப்பிப் போட்டுப் பாருங்கள் தம்பி. 1.048576-ஆல் பெருக்கினால் 11.74. அதை 8-ஆல் பெருக்கினால் 94 எம்பிபிஎஸ். 94 வந்தாலே வழியில் ஏதோ ஓர் இடம் 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். மீதி 6 எங்கே என்றால், கம்பியில் போகும் ஒவ்வொரு 1538 பைட்டிலும் உங்கள் கோப்பின் பங்கு 1448 பைட்தான். முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி எல்லாம் சேர்ந்து மற்றதை எடுத்துக்கொள்ளும். 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 94 சதவீதம். அச்சாகப் பொருந்துகிறது பாருங்கள்.

மொபைலில் 290 வருவதால் இணைப்பைக் குறை சொல்ல முடியாது. சேவை மையத்துக்குப் போன் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கணினியில் எத்டூல் (கேபிள் இணைப்பின் நிலையைக் காட்டும்) கட்டளை கொடுத்து ஸ்பீட் என்ற வரியைப் பாருங்கள். 1000 இருக்க வேண்டும். 100 என்று இருந்தால் கேபிளையும் இரு முனை கனெக்டரையும் சோதியுங்கள். ஜிகாபிட்டுக்கு (அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு) கேபிளின் எட்டுக் கம்பியும், அதாவது நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்திருந்தால் பெரும்பாலும் இணைப்பு அறுபடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் பலருக்கும் இது தெரியாமலே போகிறது. ரவுட்டரின் போர்ட்டே 100 வகையாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.

மாடிவீடு:
அண்ணா, 100 என்றுதான் இருந்தது! ரவுட்டர் போர்ட் ஜிகாபிட்தான். மாடி முனையில் பழுப்புக் கம்பி கனெக்டருக்குள் சரியாகப் போகாமல் இருந்தது. வெட்டிப் புதிய கனெக்டரை அழுத்திப் பொருத்தியதும் (கிரிம்ப்) எத்டூல் 1000 காட்டுகிறது. டபிள்யூகெட் இப்போது 33.6. அதே கோப்பு மூன்று நிமிடத்துக்குள் இறங்கிவிட்டது. மிக்க நன்றி.

கேபிள்காரர்:
33.6 சரியான அளவு. 300-இல் 94 சதவீதம் 282, அதை 8-ஆலும் பிறகு 1.048576-ஆலும் வகுத்தால் அதுதான் வரும். இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

புதுமுகம்:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். மொபைலில் தினசரி டேட்டா தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) என்கிறார்கள். அதில் ஒரு எம்பி போட்டோ அனுப்ப முடியுமா?

எட்டுக்கட்டு:
64-ஐ 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பிக்கு 125 நொடி, மேல்செலவையும் சேர்த்தால் இரண்டே கால் நிமிடம் வரை ஆகலாம். எழுத்துச் செய்திக்கு அந்த வேகம் தாராளம். வீடியோவுக்கு முயற்சி செய்ய வேண்டாம்.