22 குதிரைவலு டிராக்டருக்கு இரண்டு வரிசைக் கிழங்கு நடும் இயந்திரம் சரிவருமா?

கந்தப்பளைக்காரி:
வணக்கம். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் குத்தகைக் காணி, மூன்று தட்டுகளாக இருக்கிறது. மேல்தட்டு நல்ல அகலம், கீழ்த்தட்டு ஒடுக்கம். உருளைக்கிழங்கு, அதன் பிறகு லீக்ஸ், இடையில் கரட். இதுவரை லேண்ட்மாஸ்டரை (பின்னால் நடந்து ஓட்டும் இரு சக்கர உழவு இயந்திரம்) கூலிக்குப் பிடித்துத்தான் உழுகிறோம். மழைக்கு முன் ஊரில் எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் தேவைப்படுகிறது. எங்கள் முறை வரும்போது மண் சொதசொதவென்று ஆகிவிடுகிறது.

இப்போது மாமா தன்னிடமுள்ள பாவித்த ஜப்பான் டிராக்டரைத் தருவதாகச் சொல்கிறார். 22 குதிரைவலு, நான்கு சக்கர இழுவை, பின்னால் சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் 1.4 மீட்டர் ரொட்டவேட்டர். கூடவே இரண்டு வரிசை நடும் இயந்திரம் ஒன்றும் வாங்கிவிடலாம் என்பது அப்பாவின் ஆசை. அம்மாவுக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. பின்சக்கரங்கள் நடுவிலிருந்து நடுவுக்கு 95 செ.மீ., டயர் அகலம் 24 செ.மீ. என்று அளந்திருக்கிறேன். வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நானுஓயா லீக்ஸ்:
அந்தக் காசில் சொந்தமாக ஒரு லேண்ட்மாஸ்டர் வாங்கிவிடுங்கள் தங்கச்சி. மிச்சத்தில் விதைக்கிழங்கு வாங்கலாம்.

வெலிமடை ஒட்டுப்பட்டறை:
டயரை அளந்துவிட்டுக் கேட்டீர்களே, சந்தோஷம். என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் அளக்கிறார்கள். வெட்டி ஒட்டுகிற கூலி எனக்கு லாபம்தான், ஆனாலும் மனம் கேட்பதில்லை.

முதலில் வலு. 22 என்பது கடல் மட்டத்துக் கணக்கு. டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடி ஏறினால் நூற்றுக்கு 3 பங்கு வலுவை இழக்கும். உங்கள் ஊர் 6,000 அடிக்கு மேல். 18 மிஞ்சும், அது பின்னால் பூட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேரும்போது 15. ரொட்டவேட்டருக்கு ஓர் அடி அகலத்துக்கு 5 குதிரைவலு என்பது எங்கள் கைக்கணக்கு. 1.4 மீட்டர் என்றால் நாலரை அடிக்கு மேல், 23 குதிரைவலு கேட்கும். அதற்காக அதைக் கழற்றி எறிய வேண்டாம். மிகக் குறைந்த கியரில், முதலில் 7 செ.மீ. ஆழம், இரண்டாம் முறை 15 செ.மீ. என்று போனால் இழுக்கும். ஜப்பான் வண்டிகள் பலவற்றில் பி.டி.ஓ.வுக்கு மூன்று நான்கு வேகங்கள் உண்டு. கீழ் வேகத்திலேயே வைத்திருங்கள். சரிவில் மண்ணை மாவாக்கினால் அடுத்த மழையில் அது பக்கத்துக் காணிக்காரருக்குத்தான் சொந்தம்.

இன்னொன்று: ரொட்டவேட்டரின் கத்திகள் சுழலும்போது வண்டியை முன்னுக்குத் தள்ளும். இறக்கத்தில் அந்தத் தள்ளு சட்டென்று கூடும். ஆகவே தட்டின் நீளவாக்கில் மட்டும் ஓட்டுங்கள்.

நடும் இயந்திரம் வேண்டாம். கருவியின் எடை, அதன்மேல் விதைக்கிழங்கின் எடை, எல்லாம் பின்சில்லுக்குப் பின்னால் தொங்கும். மேட்டில் முன்சில்லு கிளம்பிவிடும். தட்டின் இரு முனையிலும் திருப்ப இடம் விட்டால் அந்த நிலம் வீண். மேலும் நாம் நன்றாக முளைவிட்ட கிழங்கையே நடுகிறோம். இயந்திரம் கிழங்கை அள்ளிப் போடும் கிண்ணங்களில் ஏறி இறங்கும்போது நீண்ட முளைகள் ஒடிந்துவிடும். 60க்கு 25 செ.மீ. இடைவெளியில் அரை ஏக்கருக்கு ஏறக்குறைய 13,500 கிழங்கு. சால் மட்டும் நேராகக் கிடைத்தால் நாலு பெண்கள் கூடையோடு போட்டுக்கொண்டே போய்விடுவார்கள். ஆகவே சால் கலப்பை மட்டும் வாங்குங்கள்.

வாங்குமுன் டிராக்டரின் பின்னால் கருவியைப் பூட்டும் மூன்று முனை இணைப்பின் ஊசிகளைப் பாருங்கள். கீழ்க் கைகளில் 22 மி.மீ., மேலே 19 மி.மீ. என்றால் முதலாம் வகை. கடைக் கலப்பைகள் பொருந்தும். 16 என்றால் அதைவிடச் சிறிய வகை, பட்டறை வேலை இருக்கிறது.

ஊவா வயல்காரன்:
அண்ணா சொல்வது கொஞ்சம் அதிகம். என்னிடமும் அதே 22தான், அதே 1.4 ரொட்டவேட்டர். நெல் அறுத்த வயலில் கிழங்குக்கு ஒரே ஓட்டத்தில் 15 செ.மீ. போகிறது.

வெலிமடை ஒட்டுப்பட்டறை:
தம்பி, உங்கள் வயல் சமதரை, உங்கள் ஊர் 4,000 அடிக்குள். நெல் வயல் மண்ணுக்கென்றே அந்த அகலத்தைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். மேட்டுக்காணியின் காய்ந்த செம்மண்ணில், கல்லும் தேயிலை வேரும் கிடக்கிற இடத்தில் ஒரே ஓட்டத்தில் இறக்கிக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

கந்தப்பளைக்காரி:
கீழ் ஊசி 22, மேல் ஊசி 19. அப்பா இயந்திரத்தை விட்டுவிட்டார், ஆனால் சால் கலப்பையாலேயே பிறகு மண் அணைக்கவும் முடியும்தானே என்கிறார்.

வெலிமடை ஒட்டுப்பட்டறை:
அங்கேதான் உங்கள் 95 செ.மீ. இடிக்கிறது. இரண்டு வரிசை 60 செ.மீ. இடைவெளியில் என்றால் வண்டியின் நடுவிலிருந்து இரு பக்கமும் 30 செ.மீ.யில் செடி, 60 செ.மீ.யில் சால். சில்லு அந்தச் சாலில் ஓட வேண்டும். அதற்கு நடுவுக்கு நடு 120 வேண்டும். உங்கள் சில்லு 35க்கும் 60க்கும் இடையில், மேட்டின் தோளில் ஏறும். நடும்போது பரவாயில்லை, சில்லு போன பிறகுதான் கலப்பை மண்ணைத் தொடுகிறது. செடி முளைத்த பின் அதுவே கிழங்கு இறங்கும் இடத்தை மிதித்து இறுக்கிவிடும்.

பின்சில்லுகளின் வட்டு உட்குழிந்திருந்தால் இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் பூட்டுங்கள். அகலம் கூடும், டயரின் பல் திசையும் கெடாது. ஒரே பக்கத்தில் திருப்பிப் பூட்டினால் பல் பின்னோக்கிப் பார்க்கும். ஆனால் நான்கு சக்கர இழுவை வண்டியில் முன்சில்லு ஒடுக்கமாகவே நிற்கும், அது செடியை உரசும். ஆகவே உழவும் சாலும் டிராக்டருக்கு. மண் அணைப்பதை மண்வெட்டிக்கோ லேண்ட்மாஸ்டருக்கோ விடுங்கள்.

இராகலை:
மாமாவின் காணியிலும் கிழங்குதானா? அப்படியானால் கொண்டுவருமுன் ரொட்டவேட்டரின் கத்தி மடிப்புகளிலும் மூடியின் உட்பக்கத்திலும் ஒட்டிய மண்ணைக் கம்பியால் சுரண்டி, நீர் அடித்துக் கழுவுங்கள். நுவரெலியாப் பக்கத்துக் கிழங்குக் காணிகளில் பொன்நிற வட்டப்புழு இருக்கிறது. அதன் முட்டைக்கூடு மண்ணோடு ஊர் மாறும், வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கோவாவின் (முட்டைக்கோஸ்) வேர் வீங்கும் நோயும் இதே வழியில்தான் வருகிறது.

கந்தப்பளைக்காரி:
மாமாவுடையதும் கிழங்குக் காணிதான். அங்கேயே கழுவச் சொல்கிறேன். அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்: தட்டு விளிம்பில் சரிந்தால்?

வெலிமடை ஒட்டுப்பட்டறை:
அம்மா சரியான கேள்வி கேட்கிறார். பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றில் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு இருப்பதில்லை. இல்லாவிட்டால் அந்த மாடலுக்கென்று வருவதைத் தேடிப் பூட்டி, இருக்கைப் பட்டியும் போடுங்கள். என்னைப் போன்றவர்களிடம் குழாயை வளைத்து ஒட்டச் சொல்லாதீர்கள், அது தாங்காது. விளிம்பை ஒட்டி ஒரு வண்டி அகலத்தை உழாமல் புல்லாகவே விட்டுவிடுங்கள். கீழ்த்தட்டில் அந்த அகலம் மிஞ்சாது என்றால் அங்கே டிராக்டரை இறக்கவே வேண்டாம், பழையபடி லேண்ட்மாஸ்டரையே பிடியுங்கள்.