ப்ரோமிதியஸ்: நாற்காலியில் இறந்து கிடந்தவன் யார் என்று தெரிந்ததில் உங்களுக்குத் திருப்தியா?

கோரிமேட்டுக்காரன்:

வணக்கம். பல வருஷமாக மனதில் கிடக்கிற கேள்வி இது. போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டில் நடந்ததைப் பார்த்தபிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

1979-ல் வந்த ஏலியன் என்கிற ஆங்கிலப் படத்தை நான் முதலில் பார்த்தது 1991-ல். சேலம் அஸ்தம்பட்டியில் மாமா வீடு, வாடகை டெக், வாடகை கேசட். எனக்கு அப்போது பதினாலு வயது. அந்தப் படம் என்றால் எல்லாரும் சொல்வது சாப்பாட்டு மேஜையில் ஒருவன் நெஞ்சைப் பிளந்துகொண்டு வருகிற குட்டியைத்தான். என்னைப் பிடித்துக்கொண்டது அதற்கு முன்னால் வருகிற காட்சி. மூன்று பேர் ஒரு பழைய விண்கலத்துக்குள் போகிறார்கள். நடுவில் ஒரு மேடை. மேடையில் பெரிய தொலைநோக்கி மாதிரி ஒரு கருவி, அதோடு சேர்ந்த நாற்காலி, நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு ராட்சத உடல். கல்லாகிப் போயிருக்கிறது. தும்பிக்கை மாதிரி ஒன்று முகத்திலிருந்து இறங்குகிறது. விலா எலும்புகள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக வளைந்திருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு மூவரும் வேறு பக்கம் போய்விடுகிறார்கள். படம் அதைப்பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அந்த அரங்கம் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று இயக்குநர் ரிட்லி ஸ்காட் தன் இரண்டு மகன்களுக்கும் ஒளிப்பதிவாளரின் மகனுக்கும் சின்ன விண்வெளி உடை மாட்டிவிட்டு நடக்கவைத்து எடுத்தார் என்பதைப் பின்னாளில் படித்தேன். தெரிந்தபிறகும் பிரமிப்பு குறையவில்லை.

1986, 1992, 1997 என்று அதன் தொடர்ச்சியாக மூன்று படங்கள் வந்தன. ஒன்றுகூட அந்த நாற்காலிக்காரனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் ஸ்காட்டே ப்ரோமிதியஸ் என்று முன்கதை எடுக்கிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. 2012 ஜூனில் பெங்களூருக்கு ராத்திரி பஸ் ஏறிப்போய் 3டி-யில் பார்த்தேன். ஐஸ்லாந்து அருவியின் விளிம்பில் அந்த வெளுத்த மனிதன் கருப்புத் திரவத்தைக் குடித்து, உடல் சிதைந்து தண்ணீரில் கரைகிற ஆரம்பக் காட்சியில் கை இரண்டையும் இறுகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அந்தத் தும்பிக்கை முகம் வெறும் தலைக்கவசம் என்றும், உள்ளே இருப்பது மொட்டைத்தலையோடு உயரமான ஒரு மனிதன் என்றும் காட்டினார்கள். இன்ஜினியர் என்று அந்த இனத்துக்குப் படத்தில் பெயர். ஏதோ ஒன்று கையை விட்டு நழுவின மாதிரி இருந்தது. அது என்னவென்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது மகள் கல்லூரி விடுமுறையில் வந்திருக்கிறாள். கதை நடக்கிற வருஷப்படி பார்க்கலாம் என்றாள். ப்ரோமிதியஸ் 2093-ல் நடக்கிறது, ஏலியன் 2122-ல். சரி என்று சனிக்கிழமை அதையும் ஞாயிற்றுக்கிழமை இதையும் போட்டேன். முதல் படம் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. மறுநாள் அந்த நாற்காலி வந்தது. நான் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஓ, இன்ஜினியரா" என்றாள். அவ்வளவுதான். தட்டில் இருந்த முறுக்கை எடுத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் கழித்து, "அப்பா, அவன்தான் நாற்காலியிலிருந்து எழுந்து அந்த ஆராய்ச்சிக்காரி ஷாவைத் துரத்திக்கொண்டு போய்ச் செத்துவிட்டானே, இங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறான்?" என்றாள். இது வேறு கிரகம், அது எல்வி-223, இது எல்வி-426, இவன் வேறு ஆள் என்று விளக்கினேன். "அப்ப இவன் யாரு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

33 வருஷம் கழித்து எடுத்த முன்கதை அந்த ஒரு கேள்வியைத் தீர்க்கவும் இல்லை, கேள்வியாகவே இருக்க விடவும் இல்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது. பழைய படத்தோடு வளர்ந்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு நிறைந்ததா?

ஐந்துரோடு:

வெளிவந்த வரிசையில்தான் காட்ட வேண்டும் நண்பரே. 1979 முதலில், எப்போதும். அதற்குமேல் ப்ரோமிதியஸுக்கு அடுத்த படமான கவனன்ட் வேறு இருக்கிறது. ஏலியன் என்கிற அந்த உயிரையே டேவிட் என்கிற இயந்திர மனிதன் உருவாக்கினான் என்கிறது 2017-ல் வந்த அந்தப் படம். கதைப்படி அது 2104. பதினெட்டு வருஷத்தில் ஓர் உடல் கல்லாகுமா? உங்கள் மகள் அடுத்து இதைத்தான் கேட்பாள்.

வெள்ளைக்கல்:

நான் மேக்னசைட் சுரங்கத்தில் சர்வே பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஏற்காடு மலைக்குக் கீழே கிடக்கிற அந்த வெள்ளைக் கரட்டில்தான் என் வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. கருத்த பாறைக்குள் நரம்பு நரம்பாக வெள்ளைக்கல் ஓடும். சித்திரை மாத உச்சிவெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. புதிதாக வருகிற பையன்கள் நிலாவில் இறங்கின மாதிரி இருக்கிறது என்பார்கள். அப்படி ஓர் இடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எனக்கு நிறையவில்லை. நாற்காலிக்காரனால் அல்ல, ப்ரோமிதியஸில் வருகிற அந்த மண்ணியல் நிபுணரால். குகைக்குள் பறந்துபோய் வரைபடம் எடுக்கிற உருண்டைகளைப் பறக்கவிடுவதே அவர்தான். வரைபடம் கப்பலில் முப்பரிமாணத்தில் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் வழி தெரியாமல் மாட்டிக்கொள்வதும் அவர்தான். கூட இருக்கிற உயிரியலாளர் பாம்பு மாதிரி படமெடுக்கிற ஒன்றைக் கண்டு கொஞ்சிக்கொண்டு கையை நீட்டுகிறார். காற்று சுவாசிக்கலாம் என்று கருவி சொன்ன உடனே தலைக்கவசத்தைக் கழற்றுகிறார்கள். எங்கள் குவாரியில் வெடி வைத்தபிறகு சங்கு ஊதுகிறவரைக்கும் ஒருவன் எல்லைக் கொடியைத் தாண்ட மாட்டான். யாரும் பயமுறுத்தி வந்த ஒழுக்கம் இல்லை அது, தொழில் செய்கிறவன் உடம்பிலேயே ஊறிப்போயிருக்கும்.

1979 படத்தை நான் இத்தனை முறை பார்த்ததற்குக் காரணமே இந்த ஒழுக்கம்தான். அதில் இருக்கிற ஏழு பேரும் சரக்குக் கப்பல் ஆட்கள். இன்ஜின் பகுதியில் இருப்பவர்கள் போனஸ் பங்கு சரியில்லை என்று ஆரம்பத்திலேயே பேச்செடுக்கிறார்கள். முகத்தில் அந்தப் பிராணி ஒட்டியபடி ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் திற என்கிறபோது, தனிமைப்படுத்தும் விதி இருக்கிறது, திறக்க மாட்டேன் என்று கப்பல் அதிகாரி ரிப்ளி நிற்கிறாள். அவள் சொன்னது சரி. கதவைத் திறப்பவன் வேறு ஆள், அவனுக்கு வேறு உத்தரவு. பயம் அங்கேயிருந்துதான் கிளம்புகிறது. விதி தெரிந்தவர்கள் இருந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்ற பயம்.

ப்ரோமிதியஸில் அப்படி நடந்துகொள்வது கம்பெனி அதிகாரி விக்கர்ஸ் ஒருத்திதான். நோய் தொற்றிய ஆளைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று நெருப்பை எடுக்கிறாள். படம் அவளைக் கெட்டவள் மாதிரி வைத்திருக்கிறது, எனக்கு அவள்மேல் மரியாதை. அவளையும் கடைசியில் உருண்டு வருகிற கப்பலுக்கு நேரே ஓடவிட்டுக் கொன்றார்கள். பக்கவாட்டில் பத்தடி ஒதுங்கியிருந்தால் போதும்.

நைட்டூட்டி:

கோரிமேட்டு அண்ணா, எனக்கு அந்தப் படம் நிறைந்தது. பழைய படத்தைவிட ஒருபடி மேலே என்றுகூடச் சொல்வேன். காரணம் ஒரே ஒரு காட்சி.

நான் ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸ். வயிற்றுக்குள் ஒரு ஜந்து வளர்கிறது என்று தெரிந்து ஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கப்பலில் இருக்கிற அறுவை இயந்திரத்துக்கு ஓடுகிற இடம். சிசேரியன் பண்ணு என்கிறாள். இந்த இயந்திரம் ஆண் நோயாளிகளுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது என்று பதில் வருகிறது. வயிற்றில் அந்நியப் பொருள், வெட்டி எடு என்று வேறு வழியில் கட்டளை கொடுத்து உள்ளே படுக்கிறாள். மூடி இறங்குகிறது. தோலில் கோடு போட்டுத் திறந்து, கிடுக்கியால் அந்த ஜந்துவை மேலே தூக்கி, அவள் வயிற்றை ஸ்டேப்ளர் போட்டு மூடுகிறது. ஜந்து அவளுக்கு மேலேயே தொங்கித் துடிக்கிறது, அவள் விழித்துக்கொண்டே பார்க்கிறாள்.

வெள்ளைக்கல் ஐயா சொல்கிற மாதிரி தொழில் முறையில் குறை சொல்ல இதிலும் இருக்கிறது. சிசேரியன் ஆனவர் மறுநாள் கட்டிலில் ஒருக்களித்துத் திரும்புவதற்கே நாங்கள் தோளைப் பிடிக்க வேண்டும். இருமினால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்வோம். இவள் அன்றைக்கே ஓடுகிறாள், தாவுகிறாள். எனக்கும் அது உறுத்தியது.

ஆனால் அந்தக் குரலை மறக்க முடியவில்லை. லட்சம் கோடி டாலர் செலவு செய்து கப்பல் கட்டியிருக்கிறார்கள். கப்பலில் பெண்கள் இருக்கிறார்கள், அந்த இயந்திரம் இருப்பதே ஒரு பெண்ணின் அறையில். அது ஒரு பெண்ணின் உடலை அறியாது. படத்தில் அது கப்பலில் ரகசியமாக ஏறியிருக்கும் கம்பெனி முதலாளி வேலண்ட் என்கிற கிழவருக்காக வைத்தது என்று பின்னால் புரிகிறது. ஷாவுக்குப் பிள்ளை பிறக்காது என்பதையும் அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். இதையெல்லாம் சேர்த்துவைத்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஏலியனில் நெஞ்சு வெடிப்பதைப் பார்த்துப் பயந்தேன், அழவில்லை.

கொலுசுப்பட்டறை:

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கொலுசு செய்கிறோம். அண்ணன் கேட்ட "கையை விட்டு நழுவினது" என்ன என்பதற்கு என் தொழிலை வைத்து ஒன்று சொல்கிறேன்.

கொலுசில் கண்ணி கண்ணியாக இணைத்து, பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுவோம். ஊதிய இடம் தெரியக்கூடாது. விரல் நுனியால் தடவினால் தட்டக்கூடாது. அப்பா இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு தடவித்தான் பார்ப்பார். ஏலியனின் அந்த உருவங்களை வடிவமைத்த ஓவியர் எச்.ஆர். கீகர் 1979-ல் செய்தது அந்த வேலை. எலும்பு எங்கே முடிகிறது, இயந்திரம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நாற்காலியும் ஆளும் ஒன்றாக முளைத்து வந்த மாதிரி இருக்கும். அந்த வருஷம் ஏலியனுக்குக் கிடைத்த ஆஸ்கர் விருதில் அவர் பெயரும் உண்டு.

2012-ல் என்ன செய்தார்கள்? அது உடுப்பு, கழற்றலாம் என்றார்கள். கழற்றலாம் என்றாலே இணைப்பு தெரிந்துவிட்டது. எலும்பு தனி, இயந்திரம் தனி. அண்ணன் கையை விட்டு நழுவினது அதுதான் என்று நினைக்கிறேன்.

கோரிமேட்டுக்காரன்:

கொலுசுப்பட்டறை தம்பி, பதினாலு வருஷமாக எனக்குச் சொல்லத் தெரியாததை நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள். மகளிடம் வாசித்துக் காட்டினேன். கீகரின் ஓவியங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நைட்டூட்டி தங்கச்சி, அந்தக் குரல் சொல்வது எனக்கும் நினைவில் இருந்தது. ஆனால் கதையை நகர்த்த வைத்த தடங்கல் என்றே இதுவரை நினைத்திருந்தேன். மறுபடி பார்க்கிறேன்.

மலைமேல்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மழை பிடித்துக்கொண்டது, இரண்டு நாளாக மின்சாரம் வந்து வந்து போகிறது, அதனால் தாமதம்.

நீங்கள் எல்லாரும் இதை ஏலியனின் முன்கதையாக வைத்து அளக்கிறீர்கள். நான் கப்பலில் போகிற இயந்திர மனிதன் டேவிட்டின் கதையாகப் பார்த்தேன், எனக்கு நிறைந்தது. மற்றவர்கள் உறங்குகிற இரண்டு வருஷப் பயணத்தில் அவன் ஒருவன் மட்டும் விழித்திருக்கிறான். பழைய மொழிகளைப் படிக்கிறான், படம் பார்த்துத் தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொள்கிறான். தன்னை உண்டாக்கியவர்கள் தூங்குவதைப் பார்த்தபடி நடக்கிறான். அப்புறம் ஷாவின் காதலன் ஹாலோவேயிடம் கேட்கிறான், என்னை எதற்குச் செய்தீர்கள் என்று. செய்ய முடிந்தது, செய்தோம் என்கிற மாதிரி பதில் வருகிறது. இதே பதிலை உங்களைப் படைத்தவர் உங்களிடம் சொன்னால் எப்படி இருக்கும் என்கிறான் டேவிட். இதைக் கேட்டபிறகுதான் அந்தக் கருப்புத் திரவத்தின் துளியை ஹாலோவேயின் மதுவில் விடுகிறான்.

எங்கள் மலை உச்சியில் சேர்வராயன் கோயில் குகைக்குள் இருக்கிறது. குனிந்துதான் போக வேண்டும். பாறையிலிருந்து ஈரம் முதுகில் சொட்டும். உள்ளே சேர்வராயரும் காவேரியம்மனும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்பார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலை ஊர்க்காரர்கள் எல்லாரும் திரண்டு வருவார்கள். சின்ன வயதில் நான் பாட்டியைக் கேட்டேன், சாமி நம்மை எதற்குப் படைத்தது என்று. பாட்டி என் தலையைக் குனியவைத்துத் திருநீறு பூசிவிட்டாள். பதில் சொல்லவில்லை.

படத்தில் கிழவர் வேலண்ட் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு எவ்வளவோ தூரம் போகிறார். இன்ஜினியரை எழுப்பி டேவிட் அவன் மொழியில் பேசுகிறான். என்ன பேசினான் என்று நமக்கு மொழிபெயர்த்துக் காட்டவில்லை. இன்ஜினியர் டேவிட்டின் தலையைத் தடவிக்கொடுக்கிறான். ஆசீர்வாதம் என்று நினைத்தேன். அடுத்த நொடி தலையைப் பிய்த்து எடுத்து, அதாலேயே கிழவரை அடிக்கிறான். தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஏமாந்துபோய்ப் பேசிக்கொண்டார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருஷம் காத்திருந்தவர்களுக்கு இதைவிட நேர்மையான பதில் ஒன்றைத் தந்திருக்க முடியாது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஒரே ஆற்றாமை, ஷா ஊருக்குத் திரும்பாமல் அவர்களுடைய உலகத்தைத் தேடிப் போனாளே, அந்தப் பயணத்தை அடுத்த படத்தில் நமக்குக் காட்டாமல் அவளை வெறும் பிணமாகக் காட்டியதுதான். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோரிமேட்டுக்காரன்:

மலைமேல் ஐயா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். அந்தத் தலைதடவுகிற இடத்தை நான் சரியாகவே பார்க்கவில்லை. அந்த நேரத்தில் இன்ஜினியரின் உயரத்தையும் பழைய நாற்காலிக்காரனின் உயரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டு இருந்தேன்.

வெள்ளைக்கல் ஐயா, விக்கர்ஸ் பற்றி நீங்கள் சொன்னதை முழுதாக ஏற்கிறேன்.

மகள் வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். அதற்குள் வியாழக்கிழமை ராத்திரி ப்ரோமிதியஸை இன்னொரு தரம் போடுவதாக இருக்கிறோம், இந்த முறை டேவிட்டை மட்டும் கவனித்து. பத்தாவது படிக்கிற சின்னவனும் உட்காருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் இன்னும் அந்த நாற்காலியைப் பார்த்ததில்லை.