புதுப்பிப்பு: பிக்கப் பின் டிஃபரன்ஷியலுக்கு 80டபிள்யூ-90தான் ஊற்றினேன்

என் பழைய டீசல் பிக்கப்பின் பின் டிஃபரன்ஷியலுக்கு (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்பு) 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றுவதா, அதைவிடக் கெட்டியான 85டபிள்யூ-140 ஊற்றுவதா என்று கேட்டிருந்தேன். மாற்றியாச்சு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

லோடு வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் என்றவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சூட்டில் 140 அவ்வளவு சீக்கிரம் இளகாது. ஆனால் இந்த வண்டி விடியற்காலையில் கொடைக்கானலில் கேரட் ஏற்றும் வண்டி. அந்தக் குளிரில் கெட்டி ஆயில் பற்களுக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும், டீசலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். கையேட்டில் போட்டிருப்பதும் 80டபிள்யூ-90 என்பதால் அதற்கே போய்விட்டேன்.

ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர வகைகளில் ஒன்று) போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள் ஹைப்பாய்டு வகை, அதாவது பற்கள் ஒன்றின் மேல் ஒன்று அழுத்தி வழுக்கும். அதைத் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-5இல்தான் போதிய அளவு உண்டு. மிச்சமிருக்கிறதே என்று ஜிஎல்-5ஐக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் பித்தளை சின்க்ரோ ரிங் (கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைக்கும் வளையம்) கெட்டுப்போகலாம்.

நீங்களே மாற்றுவதாக இருந்தால், முதலில் மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள், அப்புறம் கீழ்ப் பிளக். மேல் பிளக் துருப்பிடித்து மாட்டிக்கொண்டால், ஆயில் இல்லாத வண்டியை எங்கே ஓட்டிப் போவது?

கீழ்ப் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசைதான் ஒட்டியிருந்தது, இரும்புச் சில்லு எதுவும் இல்லை. பிரீத்தரை (உள்ளே சேரும் காற்றழுத்தம் வெளியேறும் துளை) மண் அடைத்திருந்தது. ஆக்சில் சீல் கசிந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சுத்தம் செய்தாச்சு.

60 கி.மீ. வேகத்துக்கு மேல் வரும் ஊளைச் சத்தம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அடுத்து பினியன் பேரிங்கைப் பார்க்கணும்.