மார்கோ தயங்கியதில் என்ன தப்பு?

செந்தில்:
ஜெர்மன் நடிகர் ஹைன்ஸ் ரூமான் நடித்த ‘ஃபாட்டர் ஸைன் டாகேகன் ஸேர்’ (1957, இயக்கம் குர்ட் மைஸல்) படத்தை மறுபடி பார்த்தேன். லுட்ஸ் என்று ஒரு எழுத்தாளன், கல்யாணம் நிச்சயமானவன். சகோதரி இறந்துபோனதும் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் தானே வைத்துக்கொள்கிறான். கட்டிக்கொள்ளப்போகிற மார்கோவுக்கு அது பிடிக்கவில்லை. “அப்பா ஆவது கஷ்டமில்லை, அப்பாவாக இருப்பதுதான் கஷ்டம்” என்று 1877-இல் ஜெர்மன் கவிஞர் வில்ஹெல்ம் புஷ் எழுதியதன் பின்பாதிதான் தலைப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மன் சிரிப்புப் படங்களில் தகப்பன்மையை இவ்வளவு கனிவாகச் சொன்னது குறைவு. மார்கோவின் சுயநலம்தான் எரிச்சலாக இருந்தது.

கோதை:
சுயநலம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் செந்தில்? அதே 1957-இல் மேற்கு ஜெர்மனியில் நிறைவேறி அடுத்த ஆண்டு ஜூலையில் அமலுக்கு வந்த சமஉரிமைச் சட்டமே வீட்டுப் பொறுப்பு மனைவியுடையது, குடும்பக் கடமைக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால்தான் அவள் வேலைக்குப் போகலாம் என்று சொன்னது, அது மாற 1977 ஆனது. ஆக, பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட பெருமை லுட்ஸுக்கு, வளர்க்கிற வேலை மார்கோவுக்கு. ரூமான் 1902-இல் பிறந்தவர், மார்கோவாக நடித்த மரியானே கோக் 1931. அந்த வயதுப் பெண் ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக யோசிக்கத்தானே செய்வாள்?

செந்தில்:
சட்டம் சரி. ஆனால் படம் வந்த காலத்தையும் பாருங்கள். போரில் அப்பாவை இழந்த பிள்ளைகள் அங்கே லட்சக்கணக்கில் இருந்தார்கள். சோவியத் முகாம்களிலிருந்து கடைசி ஜெர்மன் போர்க்கைதிகள் திரும்பியதே 1956 தொடக்கத்தில்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஆண், தான் பெறாத பிள்ளைகளை விடமாட்டேன் என்று நிற்பதைக் காட்டியது சின்ன விஷயமா?

ராசேந்திரன்:
இருவருக்கும் இடையே வருகிறேன், மன்னிக்கவும். 1955-இல் வந்த ‘வென் டெர் ஃபாட்டர் மிட் டெம் ஸோனே’யிலும் ரூமானுக்கு வளர்ப்புப் பிள்ளைதான். அதில் பெற்ற தாய் வந்து கேட்கும்போது அவர் நொறுங்கிப்போவார், அந்தப் படம்தான் எனக்கு ஒரு படி மேல். அதில் வளர்ப்பவனே இழக்கிறான். இதில் லுட்ஸ் எதையும் முழுதாக இழக்கவில்லை.

கோதை:
ராசேந்திரன் சார் சொன்னதுதான் என் குறையும். செந்தில், லுட்ஸ் நல்லவன் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. பிள்ளைகளை விடாத அவனை எனக்கும் பிடிக்கும். மார்கோ சொல்வதை ஒரு காட்சியாவது அவள் பக்கமிருந்து நின்று கேட்டிருந்தால் என் அம்மாவுக்கும் இதைப் போட்டுக் காட்டியிருப்பேன். அம்மா கல்யாணமாகி வந்த அன்றே மூத்தாள் பிள்ளைகள் மூன்று பேர் வீட்டில் இருந்தார்கள். உனக்குச் சம்மதமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

செந்தில்:
இது எனக்குத் தெரியாது கோதை. சுயநலம் என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். படம் நல்ல படம் என்பதில் மட்டும் மாற்றமில்லை.