கேலக்டிகாவைக் காப்பாற்றியது வயர் போனா, இல்லையா?

மூன்றாம்கண்: டிவி அறிவியல் புனைகதைத் தொடர்கள் எல்லாமே ‘கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடு’ என்று பயமுறுத்தும் பூச்சாண்டிக் கதைகளாம், பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவும் அதே ரகமாம். நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். 2003 மினி தொடரை அவர் பார்த்தாரா? மனிதர்கள் உருவாக்கிய சைலான் ரோபோக்கள் திரும்பி வந்து தாக்குகின்றன. புத்தம் புதிய விண்வெளிப் போர்க்கப்பல்கள் திருப்பிச் சுடக்கூட முடியாமல் அணைந்துபோகின்றன. அருங்காட்சியகமாக மாறவிருந்த கிழட்டுக் கப்பல் கேலக்டிகா தப்பிக்கிறது. அதன் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கத் தளபதி அடாமா விடவில்லை. கப்பலுக்குள் பேசக்கூட வயர் போன்தான். கம்ப்யூட்டரே வேண்டாம் என்று அங்கே யார் சொன்னது?

வைகைக்கரை: எழுதியது நான்தான். பேரைச் சொல்லியே கேட்கலாம். வயர் போன் யாரையும் காப்பாற்றவில்லை. விஞ்ஞானி பால்டர் எழுதிய, கப்பல்களுக்கு வழிகாட்டும் மென்பொருளில் சைலான்கள் கள்ளவழி வைத்திருந்தார்கள். அந்த மென்பொருள் கேலக்டிகாவில் இல்லை, தப்பித்தது. அவ்வளவுதான்.

மூன்றாம்கண்: ஏன் இல்லை? நெட்வொர்க் இல்லை, அதனால் ஏற்றவில்லை. வயர் போன் அதே பிடிவாதத்தின் அடையாளம். நெட்வொர்க் வைத்தால் ஆசிரியர்களுக்கு வசதியாக இருக்கும் என்று கல்வி அமைச்சர் ராஸ்லின் கேட்டபோதும் அடாமா மறுக்கிறார். அந்தக் காட்சியைத் தள்ளி ஓட்டிவிட்டீர்களா?

வைகைக்கரை: அதே கேலக்டிகாவிலிருந்து கிளம்பிய புதிய மார்க் 7 வைப்பர் போர் விமானங்கள் நடுவானில் செத்தனவே? அவற்றில் அந்த மென்பொருள் இருந்தது. உங்கள் வயர் போன் அப்போது எங்கே போயிற்று?

மூன்றாம்கண்: நான் சொல்வதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்! பிறகு சண்டை போட்டவை காட்சிக்கு நிறுத்தியிருந்த பழைய மார்க் 2 விமானங்கள். இரண்டாம் சீசன் தொடக்கத்தைப் பாருங்கள். தொலைந்த கப்பல்களைத் தேட வேறு வழியில்லாமல் கப்பல் அதிகாரி கேட்டா சில கம்ப்யூட்டர்களை இணைக்கிறார். சைலான் வைரஸ் உள்ளே வந்துவிடுகிறது. எல்லாரும் ஒரே இணைப்பில், ஒரே மென்பொருளில் தொங்கினால் ஒரே அடியில் எல்லாரும் விழுவோம். தொடர் பயப்படுவது அதற்குத்தான்.

நிலாமுற்றம்: பிளாக் மிரர் தொடரின் ‘நோஸ்டைவ்’ எபிசோட் பற்றி ஒருவரும் பேசமாட்டீர்களா? 2016இல் வந்தது. வைரஸும் இல்லை, எதிரியும் இல்லை. மக்கள் ஒருவருக்கொருவர் போனில் போடும் மதிப்பெண் குறைந்தால் விமான டிக்கெட்கூடக் கிடைக்காது. சார்ந்திருப்பது என்றால் அதுதான்.

மூன்றாம்கண்: அதற்குத் தனி இழை திறங்கள். இங்கே கேலக்டிகா.

கடுக்காய்: 1968லேயே ஸ்டார் ட்ரெக்கில் எம்-5 கம்ப்யூட்டர் கையில் கப்பலைக் கொடுத்து, அது சொந்தப் படைக் கப்பல்களையே சுட்டுத் தள்ளிவிட்டது. உங்கள் அடாமா பிறகு வந்தவர்.

மூன்றாம்கண்: போன மாதமும் இதே ஸ்டார் ட்ரெக்கைக் கொண்டுவந்து என் இழையைக் கெடுத்தீர்கள். மறக்கவில்லை.

வைகைக்கரை: மூன்றாம்கண், 2009இல் வந்த கடைசி எபிசோடில் கப்பல்களை எல்லாம் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு தரையில் இறங்குகிறார்களே. அது தூக்கிப் போடுவது இல்லையா?

நிலாமுற்றம்: நான் இன்னும் மூன்றாம் சீசன்தான் பார்க்கிறேன்! முடிவைப் போட்டு உடைத்துவிட்டீர்களே.

மூன்றாம்கண்: முடிவு வேறு விஷயம். சண்டை சலித்த மக்கள் எடுத்த முடிவு அது. நான் கேட்டது மினி தொடர் பற்றி. நெட்வொர்க் இருந்திருந்தால் கேலக்டிகா தப்பித்திருக்குமா? ஆமா, இல்லை, ஒரே வார்த்தை போதும்.

வைகைக்கரை: மென்பொருள் ஏறாமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கும்.

மூன்றாம்கண்: நெட்வொர்க் இருந்தால் அது எப்படி ஏறாமல் இருக்கும்?