5 கிலோவாட் தந்த பெல்டன் டர்பைன் இப்போது 3தான் தருகிறது, உதவுங்கள்

கேள்வி: வணக்கம். எங்களுடையது ஒரே நாசில் உள்ள சிறிய பெல்டன் டர்பைன்; நாசில் என்ற குறுகிய முனையிலிருந்து பீய்ச்சும் ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, ஜெனரேட்டர் மின்சாரம் தரும். குழாய் தொடங்கும் முன்தொட்டிக்கும் டர்பைனுக்கும் உயர வித்தியாசம் 59 மீட்டர். நொடிக்கு 15 லிட்டர் தண்ணீரில் 5 கிலோவாட் வந்துகொண்டிருந்தது. பத்து நாளாக 3ஐத் தாண்டவில்லை. ஓடையில் தண்ணீர் குறையவில்லை. நாசிலைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. ஜெனரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். செலவு பெரிது என்பதால் இங்கே கேட்கிறேன்.

பதில் 1: 3 என்பது வீடுகளுக்குப் போகும் லோடு மட்டுமா? வீடுகளுக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை லோடு கன்ட்ரோலர் ஹீட்டருக்குத் தள்ளுமே, அதையும் சேர்த்தீர்களா?

கேட்டவர்: சேர்த்துத்தான்.

பதில் 2: ஜெனரேட்டரில் இப்போது கை வைக்காதீர்கள். டர்பைனுக்கு முன்னால் உள்ள வால்வுக்கு மேல்பக்கம் குழாயின் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜைப் பாருங்கள். வால்வை மூடி ஒரு அளவு, டர்பைன் ஓடும்போது ஓர் அளவு. மெதுவாக மூடுங்கள். சட்டென்று மூடினால் தண்ணீர் அடிக்கிற அடியில் குழாயே வெடித்துவிடும்.

கேட்டவர்: மூடினால் 5.8 பார் (அழுத்த அலகு). ஓடும்போது 3.6. பழைய நோட்டில் ஓடும்போது 5.1 என்று இருக்கிறது.

பதில் 2: அந்த நோட்டு இருந்தது எவ்வளவு நல்லதாயிற்று! நாசிலில் பாயும் தண்ணீர், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதை அழுத்தத்தோடு பெருக்கினால்தான் சக்தி. 3.6ஐ 5.1ஆல் வகுத்தால் 0.706, அதன் வர்க்கமூலம் 0.84. இரண்டையும் பெருக்கினால் 0.59. உங்கள் 5 கிலோவாட்டில் அது கிட்டத்தட்ட 3! ஜெனரேட்டர் மேல் குற்றமே இல்லை. நாசில் அடைத்திருந்தால் ஓடும்போது அழுத்தம் ஏறியிருக்கும். இங்கே இறங்கியிருக்கிறது, அப்படியென்றால் தடை மேலேதான். முன்தொட்டியில் குப்பையைத் தடுக்கும் சல்லடைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தைப் பாருங்கள்.

கேட்டவர்: போய் வந்தேன். சல்லடைக்கு முன்னால் தொட்டி வழிகிறது, பின்னால் ஒரு முழம் கீழே நிற்கிறது. ஊறிய இலைகள் பாய் விரித்தது போல ஒட்டியிருந்தன. குழாய் வாயில் சுழல் விழுந்து, தண்ணீரோடு காற்றையும் கொர்ரென்று இழுத்தது. வாரி எடுத்தேன். இப்போது 4.6 பார், 4.3 கிலோவாட்.

பதில் 1: இழுத்த காற்று குழாய் மேடேறும் இடத்தில் தேங்கியிருக்கும். அங்கே காற்று வால்வு இருக்கிறதா?

கேட்டவர்: இருந்தது, துரு பிடித்து இறுகிப்போய். திறந்ததும் சீறியது, அப்புறம் நுரை, கடைசியில் சுத்தமான தண்ணீர். 5 பார், 4.8 கிலோவாட்! இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இலை உதிர்ந்து முடியும்வரை காலையும் மாலையும் சல்லடையை வாரப் போகிறேன்.